எம்.பி. கடிதம் வேண்டாம்: டெல்டாவிலிருந்து என்.டி.ஏ. சேரும் வழி

பிள்ளை என்.டி.ஏ.வில் (முப்படை அதிகாரிகளாகப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமி) சேர ஆசைப்படுகிறான் என்றதும், தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் பல வீடுகளில் முதலில் தேடுவது பாடப்புத்தகத்தை அல்ல, சிபாரிசை. யார் மூலமாவது எம்.பி. அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கிவிடலாமா என்று விசாரிப்பார்கள். இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. கேந்திரிய வித்யாலயா சேர்க்கையில் ஒவ்வொரு எம்.பி.யும் ஆண்டுக்கு 10 பிள்ளைகளைப் பரிந்துரைக்கலாம் என்று ஒரு ஒதுக்கீடு இருந்தது. 2022இல் அது எடுக்கப்பட்டது, கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அமெரிக்க விவரமும் சேர்ந்து குழப்புகிறது. அங்கே வெஸ்ட் பாயின்ட், அன்னாபொலிஸ், கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று ராணுவ அகாடமிகளிலும் சேர, பெரும்பாலான மாணவர்கள் தங்கள் செனட்டரிடமோ பிரதிநிதிகள் சபை உறுப்பினரிடமோ முறைப்படி விண்ணப்பித்து நியமனப் பரிந்துரை வாங்கியாக வேண்டும். அது அந்த நாட்டுச் சட்டம்.

இங்கே அப்படி ஒரு படியே இல்லை. தேர்வை நடத்துவது யு.பி.எஸ்.சி. நேர்முகத்தை நடத்துவது எஸ்.எஸ்.பி. என்ற படைகளின் தேர்வு வாரியம். உடலைப் பார்ப்பது ராணுவ மருத்துவக் குழு. இந்த மூன்று இடத்திலும் கடிதத்தை வைக்க ஒரு கோப்பு கிடையாது. அழுத்தம் கொடுத்து ஆதரவு தேடுவதை யு.பி.எஸ்.சி. முறைகேடுகளின் பட்டியலிலேயே வைத்திருக்கிறது, அதற்காகத் தகுதி நீக்கம் செய்யவும் முடியும். 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று பணம் கேட்பவர் ஏமாற்றுகிறார், அவ்வளவுதான். அந்த அலைச்சலுக்குப் போகும் நேரத்தைத் தேதிக் கணக்கு, சான்றிதழ், கணக்குப் பாடம், கண், பல் இவற்றில் போட்டால் பலன் உண்டு. டெல்டாப் பிள்ளைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

முதலில் தேதிக் கணக்கு

என்.டி.ஏ. தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை. முதல் தேர்வுக்கு டிசம்பரில் அறிவிக்கை, ஏப்ரலில் எழுத்துத் தேர்வு, அடுத்த ஜனவரியில் பயிற்சி தொடக்கம். இரண்டாவது தேர்வுக்கு மே மாதம் அறிவிக்கை, செப்டம்பரில் தேர்வு, அடுத்த ஜூலையில் பயிற்சி. பயிற்சி தொடங்கும் நாளில் வயது பதினாறரைக்குக் குறையக்கூடாது, பத்தொன்பதரையைத் தாண்டக்கூடாது. விண்ணப்பிக்கும் நாளின் வயதையோ தேர்வு நாளின் வயதையோ வைத்துக் கணக்குப் போட்டால் தப்பு. எந்தச் சாதிக்கும் எந்தப் பிரிவுக்கும் வயதுத் தளர்வு இல்லை. திருமணம் ஆகியிருக்கக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. 2008 மே 15இல் பிறந்த பிள்ளை 2025 ஜூனில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறான் என்று கொள்ளுங்கள். பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போது விண்ணப்பிக்க முடியாது, பன்னிரண்டில் படித்துக்கொண்டே விண்ணப்பிக்கலாம். ஆக அவனுக்கு 2025இன் இரண்டாவது தேர்வு, 2026இன் முதல் தேர்வு, 2026இன் இரண்டாவது தேர்வு என்று மூன்று வாய்ப்பு. 2027இன் முதல் தேர்வுக்குரிய பயிற்சி 2028 ஜனவரியில் தொடங்கும்போது அவன் பத்தொன்பதரையைத் தாண்டியிருப்பான். இத்தனை முறைதான் எழுதலாம் என்று வரம்பு கிடையாது, வயதுதான் வரம்பு. நீட்டுக்காக ஓராண்டு வீட்டில் உட்காரும் பிள்ளைகளுக்கும் இந்தக் கதவு அநேகமாகத் திறந்தே இருக்கும். அதைக் கவனிப்பவர் குறைவு.

இரண்டாவது தேர்வின் விண்ணப்பக் காலம் ஜூன் முதல் பாதியில் முடிவது வழக்கம். மேட்டூர் திறப்பு, குறுவை நாற்று, பள்ளி திறப்பு எல்லாம் ஒன்றாக வரும் நேரம் அது. முதல் தேர்வின் விண்ணப்பமோ டிசம்பர் மழையில் வருகிறது. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் இரண்டு நாள் மின்சாரமும் நெட்டும் இல்லாமல் போவது புதிதல்ல. கடைசி வாரத்துக்கு எதையும் தள்ளாதீர்கள்.

இன்னும் சின்ன வயதாக இருந்தால்

பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருந்தால் வேறு இரண்டு வழிகளையும் பாருங்கள். உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதி நகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளி ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பிள்ளைகளைச் சேர்க்கிறது. ஆறாம் வகுப்புக்குச் சேரும் ஆண்டின் மார்ச் 31இல் 10 முதல் 12 வயது, ஒன்பதாம் வகுப்புக்கு 13 முதல் 15. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். மொத்தம் 300 மதிப்பெண், அதில் கணக்குக்கு மட்டும் 150. ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில்தான். ஆகவே தமிழ்வழிப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புதான் நல்ல வாசல். விண்ணப்பம் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும்.

இந்தப் பள்ளியில் இட ஒதுக்கீடு உண்டு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இ-சேவை மையத்தில் வாங்கி வைத்திருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநில அரசுக்கானது. சைனிக் பள்ளி கேட்பது மத்திய அரசுப் படிவத்தில் 'கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி.' சான்றிதழ். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, தாசில்தார் அலுவலகத்தில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். தேர்வு முடிவு வந்தபின் ஓடினால் கலந்தாய்வுத் தேதிக்குள் கைக்கு வராது.

இன்னொரு வழி, டேராடூனில் 1922இல் தொடங்கிய ஆர்.ஐ.எம்.சி. என்ற ராணுவப் பள்ளி. எட்டாம் வகுப்பில் சேர்ப்பார்கள், வயது பதினொன்றரை முதல் பதின்மூன்று. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. அங்கே போய் குரூப் தேர்வுகளுக்கு நடுவில் இந்த அறிவிக்கையைத் தேட வேண்டும். விண்ணப்பப் படிவத்தை டேராடூனிலிருந்து பணம் கட்டித் தபாலில் வரவழைக்க வேண்டும், எனவே ஒரு மாதமாவது முன்னால் தொடங்குங்கள். ஆங்கிலத்துக்கு 125, கணக்குக்கு 200, பொது அறிவுக்கு 75, நேர்முகத்துக்கு 50 மதிப்பெண். கணக்கும் பொது அறிவும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். மாநிலத்துக்குக் கிடைக்கும் இடம் மிகச் சொற்பம் என்பதால் இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். இரண்டு பள்ளிகளிலும் இப்போது பெண் பிள்ளைகளும் சேரலாம்.

இவை இரண்டும் என்.டி.ஏ.வுக்கான சுருக்குவழி அல்ல. அங்கே படித்தவரும் அதே யு.பி.எஸ்.சி. தேர்வைத்தான் எழுத வேண்டும்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்த குரூப்

தரைப்படைக்கு எந்தப் பாடப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாலும் போதும். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து 2020 முதல் சுகோய் பறப்பதை அண்ணாந்து பார்த்து வளரும் பிள்ளைகள், கணிதம் இல்லாத சயின்ஸ் குரூப்பையோ காமர்ஸையோ எடுத்துவிட்டால் அந்த விமானத்தின் பக்கம் என்.டி.ஏ. வழியாகப் போகவே முடியாது. கணிதம்–உயிரியல், கணிதம்–கணினி அறிவியல் இரண்டுமே சரி. தரைப்படை போதும் என்று கணிதத்தை விட்டவரும் தேர்வில் 300 மதிப்பெண் கணக்குத்தாளை எழுதித்தான் ஆக வேண்டும்.

என்.சி.சி. நல்ல பழக்கம், ஆனால் அந்தச் சான்றிதழுக்கு என்.டி.ஏ. தேர்வில் கூடுதல் மதிப்பெண்ணோ ஒதுக்கீடோ இல்லை. அதன் பலன் பட்டப்படிப்புக்குப் பிறகான நுழைவுகளில்தான்.

பெயரும் பிறந்த தேதியும்

யு.பி.எஸ்.சி. பிறந்த தேதிக்கு ஏற்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழை மட்டுமே. ஜாதகம், உறுதிமொழிப் பத்திரம், நகராட்சிப் பிறப்புப் பதிவு எதையும் ஏற்க மாட்டோம் என்று அறிவிக்கையிலேயே, ஜாதகத்தைப் பெயர் சொல்லி, எழுதியிருக்கிறார்கள். ஒருமுறை பதிவான தேதியைப் பின்னால் மாற்றவும் முடியாது. பள்ளியில் சேர்க்கும்போது வயது பற்றவில்லை என்று தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்த ஜூன் மாதத் தேதி ஒன்று, ஆதாரில் வேறொன்று என்று இருக்கும் பிள்ளைகள் இன்னமும் உண்டு. பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் அரசுத் தேர்வுத் துறைக்குப் போவதற்கு முன், பள்ளி தரும் சரிபார்ப்புத் தாளில் அதைத் திருத்துவது எளிது. அதன்பிறகு அலைச்சல்.

அடுத்தது நம் ஊர் இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் 'கா. முருகவேல்', ஆதாரில் 'முருகவேல் காத்தையன்', பான் அட்டையில் அப்பா பெயர் முன்னால். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள், இனிஷியலின் இடம், இடைவெளி உட்பட. பிறகு ஆதாரை அதற்கு ஒத்துப்போகும்படி திருத்துங்கள். மாற்றித் திருத்தினால் வேலை இரட்டிப்பு. விண்ணப்பத் தளத்தில் முதலில் கணக்குத் தொடங்கி அடிப்படை விவரங்களைப் பதிய வேண்டும், அந்தப் பதிவு வருங்காலத்தில் எழுதும் மற்ற யு.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கும் தொடரும். அதனால் இதை பிரவுசிங் சென்டர் பையனிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பிள்ளையுடையதாக இருக்கட்டும். சென்டர்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து எஸ்.எஸ்.பி. அழைப்பு அங்கே போய்க் கிடந்த கதைகள் ஏராளம்.

கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் கட்டணம் இல்லை. சாதிச் சான்றிதழுக்கு இந்தத் தேர்வில் இருக்கும் ஒரே வேலை அதுதான், என்.டி.ஏ. இடங்களில் சாதி ஒதுக்கீடு கிடையாது.

தேர்வு மையங்களில் பலவற்றுக்கு இருக்கை எண்ணிக்கை வரம்பு உண்டு, முதலில் விண்ணப்பித்தவருக்கு முதலில். திருச்சியோ மதுரையோ பட்டியலில் இருந்து, நீங்கள் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்தால் பக்கத்தில் கிடைக்கும். கடைசி நாளில் போட்டால் சென்னை போக வேண்டி வரலாம்.

படைகளின் விருப்ப வரிசையைக் கேட்பார்கள். பின்னால் மாற்ற முடியாது. முதல் விருப்பம் எதுவோ அதைப் பொறுத்துத்தான் எந்தத் தேர்வு வாரியத்துக்கு அழைப்பு வரும் என்பது முடிவாகும். மெய்யாகவே போகத் தயாராக இருக்கும் படைகளை மட்டும், வேண்டிய வரிசையில் போடுங்கள். கண்ணாடி போடும் பிள்ளை விமானம் ஓட்டும் பிரிவை முதலில் போடுவதில் பொருளில்லை.

எழுத்துத் தேர்வு

இடங்கள் ஒரு தேர்வுக்குச் சுமார் 400. ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் 12.30 வரை கணக்கு: 120 கேள்வி, 300 மதிப்பெண். பிற்பகலில் இரண்டரை மணி நேரம் பொதுத் திறன்: 150 கேள்வி, 600 மதிப்பெண். அதில் ஆங்கிலம் 50 கேள்விக்கு 200, மற்றவை 100 கேள்விக்கு 400. ஒரு தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு பிடிப்பார்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். கால்குலேட்டர் கிடையாது.

அடுத்த கட்டத்துக்கான கட்-ஆஃப் கடந்த சில ஆண்டுகளில் 900க்கு ஏறத்தாழ 290இலிருந்து 360 வரை இருந்திருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் தனியாகவும் குறைந்தபட்சம் எடுக்க வேண்டும் என்பதால், பொது அறிவில் அள்ளிவிட்டுக் கணக்கைக் கைவிட முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கணிதத்தில் 50 கேள்வியைத் தொட்டு 45 சரி, 5 தப்பு என்றால் சுமார் 108. ஆங்கிலத்தில் 30 சரி, 5 தப்பு என்றால் 113. பொது அறிவில் 50 சரி, 15 தப்பு என்றால் 180. கூட்டினால் 400ஐத் தொடுகிறது. 120 கணக்கையும் போட வேண்டும் என்று ஓடுபவர் தோற்பதும், பாதிக்கும் குறைவாகத் தொட்டவர் தேறுவதும் இதனால்தான். தெரியாததைத் தொடாமல் விடும் பயிற்சியை மாதிரித் தேர்வில் பழகவில்லை என்றால் அன்றைக்கு வராது.

நம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகங்கள் பாடத்திட்டத்தின் பெரும்பகுதிக்குப் போதும்: அணிகள், கலப்பெண்கள், முக்கோணவியல், பகுமுறை வடிவியல், வெக்டர், நுண்கணிதம், நிகழ்தகவு. விட்டுப்போவது சில்லறைப் பகுதிகள். இரண்டடிமான (பைனரி) எண்முறை கணினி அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது, உயிரியல் எடுத்தவர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார். உயரமும் தூரமும் பத்தாம் வகுப்போடு மறந்துபோயிருக்கும். சராசரி, திட்டவிலக்கம் போன்ற புள்ளியியலும் அப்படியே. இவை எளிய மதிப்பெண்கள், முதலில் இவற்றை முடியுங்கள். பொதுத் தேர்வுப் பழக்கத்தில் படிப்படியாக எழுதி விடை காண்பவருக்கு ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிடம்தான் இருக்கிறது என்பது அதிர்ச்சியாக இருக்கும். விடைகளைப் போட்டுப் பார்த்துத் தவறானதை நீக்கும் முறையைப் பழகுங்கள்.

தமிழ்வழியில் படித்தவருக்குக் கணக்குத் தெரிந்தும் கேள்வி புரியாமல் போவதுண்டு. அதற்கு மருந்து ஒன்றுதான்: அதே பாடத்தின் ஆங்கிலவழிப் புத்தகத்தைப் பள்ளிக் கல்வித் துறைத் தளத்தில் இறக்கி, தமிழ்ப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்துக் கலைச்சொற்களை ஒரு நோட்டில் எழுதுவது. ஐம்பது பக்கம் செய்தால் மீதி தானாக வரும்.

நுழைவுச் சீட்டு, அடையாள அட்டை, கறுப்பு பால்பாயின்ட் பேனா இவை போதும். தேர்வு தொடங்குவதற்கு 30 நிமிடம் முன்பே வாசலை மூடிவிடுவார்கள். கோடியக்கரையிலிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ விடிகாலைப் பேருந்தை நம்பித் திருச்சி போக வேண்டாம், முந்தின நாளே போய்விடுங்கள்.

முடிவு வந்த பிறகு இரண்டு வாரம்

எழுத்துத் தேர்வில் தேறியவர்களின் பட்டியலில் எண் வந்துவிட்டால் அழைப்புக் கடிதம் தானாக வீட்டுக்கு வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. வராது. தரைப்படையையோ கடற்படையையோ முதல் விருப்பமாகக் கொடுத்தவர்கள், முடிவு வெளியான இரண்டு வாரத்துக்குள் தரைப்படையின் ஆள்சேர்ப்புத் தளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்த வாய்ப்பு அதோடு முடிந்தது. யு.பி.எஸ்.சி. தளத்தில் கொடுத்த அதே மின்னஞ்சலையே இங்கும் கொடுக்க வேண்டும்.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள்

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தரைப்படை வாரியம் பெங்களூரிலும் விமானப்படை வாரியம் மைசூரிலும் கிடைப்பதுண்டு. போபால், பிரயாக்ராஜ், விசாகப்பட்டினம் என்று தூரமாகவும் வரலாம். பெங்களூர், மைசூர் என்றால் மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும் மைசூர் எக்ஸ்பிரஸ் ஒன்றே போதும். முதல்முறை இந்த வகை நுழைவுக்குப் போகிறவருக்கு மூன்றாம் வகுப்பு ஏ.சி. கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள், பயணச்சீட்டைத் தொலைக்க வேண்டாம்.

எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், இங்கே இன்னொரு 900. முதல் நாளிலேயே பாதிக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவது வழக்கம். அன்றைக்கு ஒரு நுண்ணறிவுத் தேர்வும், மங்கலான படம் ஒன்றைப் பார்த்துக் கதை எழுதிக் குழுவில் பேசும் சோதனையும் இருக்கும். படத்தைப் பார்க்க 30 வினாடி, எழுத 4 நிமிடம். டெல்டாப் பிள்ளைகள் விழுவது எழுதுவதில் அல்ல, அடுத்து வரும் குழுப் பேச்சில். பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது, மரியாதையாக வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்த்த பிள்ளைக்கு இது கடினம்தான். இரண்டு முறை, ஒவ்வொன்றும் இரண்டு வாக்கியம், எளிய ஆங்கிலத்தில், மற்றவர் சொன்னதைத் தொட்டுப் பேசினால் போதும். இலக்கணப் பிழையை யாரும் எண்ணுவதில்லை.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வுகள். 12 படத்துக்குக் கதை (கடைசிப் படம் வெற்றுத் தாள்), 60 சொற்களுக்குத் தலா 15 வினாடியில் ஒரு வாக்கியம், அரை மணியில் 60 சூழ்நிலைகளுக்கு விடை, கடைசியில் தன்னைப் பற்றிய குறிப்பு. கோச்சிங் மையங்கள் மனப்பாடம் செய்யவைக்கும் பொன்மொழிகளை உளவியலாளர் நாள்தோறும் பார்க்கிறார். 'மழை' என்ற சொல்லுக்கு 'மழை நாட்டின் உயிர்' என்று எழுதுவதைவிட 'வடிகாலைத் தூர்வாரிய ஊரில் கனமழையிலும் சம்பா தப்பிக்கிறது' என்பது உங்களுடைய வாக்கியம். சூழ்நிலைகளில் எல்லாப் பாம்பையும் ஒற்றைக் கையால் பிடிக்கும் வீரனாக எழுத வேண்டாம். உண்மையில் என்ன செய்வீர்களோ அதைச் சுருக்கமாக எழுதுங்கள்.

மூன்றாம், நான்காம் நாட்களில் மைதானம்: குழு விவாதம், வரைபடத்தை வைத்துத் திட்டமிடல், பலகை, கயிறு, கட்டையை வைத்துத் தடைகளைக் கடத்தல், மூன்று நிமிடப் பேச்சு, மூன்று நிமிடத்தில் 10 தனித் தடைகள். இதற்கு உடல் தயாரிப்பு வேண்டும். நீச்சல் தெரிந்த, வயல் வேலை பழகிய பிள்ளைக்கு வலு இருக்கும், ஓட்டமும் கயிறேறுதலும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் கரையெல்லாம் சேறாகிவிடும். அந்த இரண்டு மாதம் பள்ளி வராண்டாவிலோ மண்டபத்திலோ புஷ்-அப், சிட்-அப், ஸ்கிப்பிங் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மழைக்காக விட்ட பயிற்சியைத் தை மாதத்தில் ஒரே வாரத்தில் பிடிக்கப் பார்ப்பவர் முழங்கால் வலியோடு போய் நிற்கிறார்.

நேர்முகம் இந்த நாட்களில் எப்போது வேண்டுமானாலும் வரும். முதலில் நிரப்பிக் கொடுத்த தகவல் படிவத்தை வைத்துத்தான் கேள்வி. அப்பா விவசாயம் என்று எழுதினால் எத்தனை ஏக்கர், என்ன ரகம், மூட்டை என்ன விலை, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் ஏன் பார்க்கிறார்கள் என்று கேட்பார்கள். பிள்ளைக்குத் தெரியாமல் இருப்பது ரொம்ப சகஜம், அதனால் ஒரு போகத்தின் வரவுசெலவை அப்பாவோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். காவிரி கண்டிப்பாக வரும். நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு 2007, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018, பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி., 2020இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், கல்லணையிலிருந்து எந்த ஆறு எங்கே பிரிகிறது என்பதெல்லாம் கையில் இருக்கட்டும். கர்நாடகத்தின் பக்க நியாயத்தையும் சொல்லத் தெரிந்தவர் தனித்துத் தெரிவார்.

ஐந்தாம் நாள், தேர்வாளர்கள் எல்லோரும் சேர்ந்து உங்களைப் பார்க்கும் மாநாடு, சில நிமிடம்தான். விமானம் ஓட்டும் பிரிவைக் கேட்டவர்களுக்குக் கணினிவழி விமானி தேர்வு தனியாக உண்டு. வாழ்நாளில் ஒரே முறை, தோற்றால் விமானி வழி அடைபடும். தூக்கம் இல்லாமல் அதில் போய் உட்காராதீர்கள்.

மருத்துவம்

எஸ்.எஸ்.பி.யில் தேறியவரைத் தடுக்கும் குறைகளில் பல, ஆறு மாதம் முன்னால் பார்த்திருந்தால் சரிசெய்யக்கூடியவை. எனவே விண்ணப்பிக்கும் போதே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ ஒருமுறை காட்டுங்கள். காதில் குறும்பி, மூக்குத்தண்டு வளைவு, டான்சில், மூலம், விரைவீக்கம், விதைப்பையில் நரம்புப் புடைப்பு, சொத்தைப் பல், அதிக எடை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். யானைக்கால் நோய் நெடுங்காலம் இருந்த கும்பகோணம் பக்கத்தில் விரைவீக்கத்தை வெட்கப்பட்டு மறைக்கும் பழக்கம் உண்டு. ராணுவ மருத்துவர் முன் மறைக்க முடியாது, அறுவை செய்துகொண்டால் தழும்பு ஆறவும் காலம் வேண்டும். பற்களுக்கு 14 புள்ளி தேவை, கிராமத்துப் பிள்ளைகள் இதில் விழுவது பரிதாபம்.

தட்டைப் பாதம், நேராக நிற்கும்போது முட்டிகள் இடிப்பது, நிறக்குருடு ஆகியவற்றை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. தரைப்படை ஓரளவு கிட்டப்பார்வையைக் கண்ணாடியோடு ஏற்கிறது, விமானிக்கு ஒரு கண் 6/6, மற்றது 6/9 கண்ணாடியில்லாமல் வேண்டும். லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த அறுவையை 20 வயதுக்கு மேல் செய்தவருக்குத்தான் ஏற்கிறார்கள், என்.டி.ஏ. வயதில் அது கதவை மூடிவிடும். தரைப்படைக்கு ஆண்களுக்குக் குறைந்த உயரம் 157 செ.மீ., பெண்களுக்கு 152, விமானம் ஓட்ட 162.5. பச்சை குத்துவதானால் முன்கையின் உட்புறமும் புறங்கையும் மட்டுமே அனுமதி. திருவிழாக் கடையில் நெஞ்சில் சாமி பெயர் குத்திக்கொண்டு வந்தவரைத் தேறியபின் திருப்பி அனுப்பிய நிகழ்வுகள் உண்டு.

தகுதியில்லை என்று சொன்னால் அங்கேயே அழுது கிளம்பிவிட வேண்டாம். 42 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்குப் போகலாம், அதற்கும் மேலே மறுஆய்வுக் குழு இருக்கிறது. எந்த மருத்துவமனை, எந்தத் தேதி என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

சேர்வதற்கு முன்

எஸ்.எஸ்.பி.யில் தேறி, மருத்துவமும் முடிந்தாலே இடம் கிடைத்துவிட்டதாகப் பொருள் இல்லை. 1800க்கு எடுத்த மொத்த மதிப்பெண்ணில் தரவரிசை போட்டு, இடம் இருக்கும்வரைதான் கடிதம் வரும். அந்தக் கடிதம் வரும்வரை கல்லூரிச் சேர்க்கையை விடாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவுக்கான சான்றையும் குறித்த தேதிக்குள் அனுப்ப வேண்டும். அசல் சான்றிதழ் வராவிட்டால் தற்காலிக மதிப்பெண் பட்டியலை எடுத்து, தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள்.

என்.டி.ஏ. இருக்கும் கடக்வாஸ்லாவில் (புனே அருகே) மூன்று ஆண்டு. முடிவில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம். பிறகு படைக்கேற்ப டேராடூன், எழிமலை, துண்டிகல் அகாடமிகளில் பயிற்சி. பெண்கள் 2022 முதல் சேர்கிறார்கள், முதல் அணியின் 17 பேர் 2025 மே மாதம் வெளிவந்தார்கள். சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. ஆனால் சேரும் நாளில் உடை, கைச்செலவு, காப்பீடு என்று ஒரு முன்பணம் கட்ட வேண்டும், தொகை சேர்க்கைக் கடிதத்தில் இருக்கும். அறுவடைக்கு முன்னால் அது வந்தால் கடன் வாங்க ஓட நேரிடும், முன்கூட்டி எடுத்து வையுங்கள். உடல்நலம் தவிர வேறு காரணத்துக்காகப் பிள்ளை பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைப் பெற்றோரிடம் திரும்பக் கேட்பார்கள் என்ற உறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது அப்பாவோ காப்பாளரோதான். அதைப் படித்துப் பார்த்துப் போடுங்கள்.